தீக்குச்சிச் சிறுமி குறும்படம்: நிழலுருவா, பொம்மையா, வரைபடமா, 3டியா?

டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1845இல் வெளியிட்ட ‘தீக்குச்சிச் சிறுமி’யைக் குறும்படமாக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். ஒரு சிறுமி, ஒரு தெரு, ஒரு இரவு, வசனம் அநேகமாக இல்லை. ஆகவே வேலை குறைவு. வரிவரியாகப் பிரித்து ஷாட் பட்டியல் போட்டுப் பார்த்தால் இந்தக் கணக்கு உதைக்கும். பனி விடாமல் விழுகிறது. சிறுமி வெறுங்காலோடு நடக்கிறாள். நீளமான தலைமுடியில் பனி படிகிறது. மேலங்கிக்குள் தீக்குச்சிக் கட்டுகள் (நம் ஊர் தீப்பெட்டி இல்லை, கட்டிலிருந்து ஒவ்வொன்றாக உருவிச் சுவரில் உரசுகிற குச்சிகள்). ஒவ்வொரு உரசலுக்கும் ஒரு காட்சி தோன்றி, குச்சி அணைந்ததும் காணாமல் போகிறது: இரும்பு அடுப்பு, வறுத்த வாத்து, கிறிஸ்துமஸ் மரம், பாட்டி. பாட்டி போய்விடக் கூடாதென்று மிச்சமிருக்கும் கட்டு முழுவதையும் கொளுத்துகிறாள். மறுநாள் காலை சுவரோரம் உறைந்து கிடக்கிறாள்.

ஆக, எந்த முறையை எடுத்தாலும் அது நான்கு விஷயங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: விழும் பனி, அசையும் துணி, சிறிய நெருப்பின் வெளிச்சம், கடைசியில் முழு அசைவின்மை. ‘எது அழகாக இருக்கும்’ என்று ஆரம்பித்த குழுக்கள்தான் பாதியில் நிற்கின்றன.

கீழே வரும் கணக்கெல்லாம் ஆறு நிமிடப் படத்துக்கு. 360 வினாடி, வினாடிக்கு 24 ஃப்ரேம், மொத்தம் 8,640. ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தும் வழக்கப்படி எடுத்தால் 4,320 தனித்தனிப் படங்கள். ஆட்கள் இரண்டு அல்லது மூன்று பேர், ஒரு கேமரா, ஓரளவு வேகமான ஒரு கணினி.

நிழலுரு

ஜெர்மன் அனிமேஷன் இயக்குநர் லோட்டே ரைனிகர் 1922இல் சிண்ட்ரெல்லாவையும் 1926இல் ‘இளவரசர் அக்மத்’ முழுநீளப் படத்தையும் இந்த முறையில்தான் (வெட்டிய கறுப்பு உருவங்களைப் பின்வெளிச்சத்தில் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுப்பது) எடுத்தார். 1950களில் லண்டனிலிருந்து பத்து நிமிட அளவில் வரிசையாகத் தேவதைக் கதைகள் செய்தபோதும் கருவிகள் அதிகம் மாறவில்லை: கத்தரிக்கோல், கறுப்பு அட்டை, கண்ணாடி மேசை, கீழே விளக்கு, மேலே கேமரா.

மேசைக்கு 60 × 90 செ.மீ. அளவில் 6 மி.மீ. கண்ணாடி போதும். அதன் அடியில் 3 மி.மீ. பால்வெள்ளை அக்ரிலிக். எல்இடி பேனலை அக்ரிலிக்கிலிருந்து 25 செ.மீ.யாவது கீழே இறக்க வேண்டும். நெருக்கமாக வைத்தால் நடுவில் வெளிச்சத் திட்டு விழும், எவ்வளவு எடிட் செய்தாலும் போகாது. முன்னால் வரும் விளக்குக் கம்பம், பனி ஆகியவற்றுக்கு 15 செ.மீ. உயரத்தில் இரண்டாவது கண்ணாடி.

உருவத்துக்கு 300 ஜிஎஸ்எம் கறுப்பு அட்டை. முழு உருவம் 18 செ.மீ. என்றால் சுமார் 14 துண்டுகள் வரும். மூட்டுக்கு மெல்லிய செம்புக் கம்பியை ஊசித் துளையில் விட்டு இருபுறமும் மடித்து டேப் ஒட்டுவார்கள். இறுக்கிவிட்டால் முழங்கையைத் தொட்டதும் தோளும் சேர்ந்து வரும். தளர்ந்துவிட்டால் கை தானாகத் தொங்கும். குளோசப்புக்கு இதே பொம்மையைப் பெரிதாக்க முடியாது. கேமரா நெருங்கினால் வெட்டிய விளிம்பின் பிசிறு தெரியும். தலையும் தோளுமாக 40 செ.மீ.க்குத் தனி உருவம் வெட்டிக்கொள்ள வேண்டும், அசையும் இமையோடு.

கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லை. காற்றின் ஈரத்தில் அட்டை வளையும். விளிம்பு ஒரு மி.மீ. தூக்கினாலும் கீழிருந்து வெளிச்சம் கசிந்து கறுப்புக்கோடு சாம்பலாகிவிடும். வெட்டுவதற்கு முன்பே அட்டையின் இரு பக்கமும் கறுப்பு வினைல் ஒட்டிவிட்டால் மாதக்கணக்கில் தட்டையாக இருக்கும்.

இனி பனி. இந்தக் கதையை நிழலுருவில் எடுக்க ஆரம்பிப்பவர்கள் முதல் நாளே மோதுகிற சுவர் இதுதான். கண்ணாடிமேல் உப்பையோ மாவையோ தூவினால் கேமராவில் தெரிவது கறுப்புப் புள்ளிகள். வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது மறைப்பது எல்லாமே கறுப்புத்தான். பனி சாம்பல் மழையாகிவிடும். இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, கறுப்புத் தாளில் ஊசியால் நூற்றுக்கணக்கில் துளையிட்டு, வானத்துக்கான தாளுக்கு மேல் ஃப்ரேமுக்கு 2, 3 மி.மீ. இறக்குவது. இதில் வானம் முழுக் கறுப்பாகிவிடுவதால் கறுப்பு உருவம் அதில் கரைந்து போகும். தூரக் காட்சிக்கு மட்டும் சரி. இரண்டாவது வழி நல்லது. கறுப்பு வெல்வெட் பின்னணியில், மேலிருந்து விளக்குப் போட்டு, தெர்மகோல் துகள்களைத் தனியாகப் படம்பிடித்து, எடிட்டில் ‘ஸ்கிரீன்’ முறையில் (கறுப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் தங்கும்) மேலே படியவைப்பது. அரை நிமிடத் துண்டுகளாக மூன்று அடர்த்திகளில் எடுத்து வைத்தால் படம் முழுவதற்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

தீக்குச்சியும் இதே தர்க்கம்தான். பின்வெளிச்ச மேசையில் மிகப் பிரகாசமானது வானம். வானத்தைவிடச் சுடர் பிரகாசமாகத் தெரிந்தால்தான் அது நெருப்பு. ஆகவே பட்டர் பேப்பரும் நீல ஜெலட்டின் தாளும் அடுக்கி வானத்தை இரண்டு மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் இறக்கினால் வெளிச்சம் பாதியாகும்) இறக்க வேண்டும். சுடர் இருக்கும் இடத்தில் மட்டும் அந்த அடுக்கை வெட்டி ஆரஞ்சு ஜெலட்டின் ஒட்ட வேண்டும். அளவுக்கு மீறி இறக்கினால் உருவத்துக்கும் வானத்துக்கும் வேறுபாடு போய்விடும். அந்த இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு ஸ்டாப் மிஞ்சுகிறதா என்று முதலில் ஒரு படம் எடுத்து, கேமராவின் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமில் பார்த்துக்கொள்வது நல்லது. பட்டர் பேப்பரின் இன்னொரு பயன் தெருவுக்கு ஆழம் தருவது: தூரத்து வீட்டுக்கு ஒரு அடுக்கு, பக்கத்து வீட்டுக்கு மூன்று அடுக்கு, முன்வரிசை முழுக் கறுப்பு.

வெறுங்கால் இங்கே பிரச்சினையே இல்லை. பாவாடையும் ஒரே துண்டு. அசைவின்மையையும் இந்த முறை தாங்கும், நிழலுரு நின்றால் ஓவியம் போல நிற்கும். குறை முகத்தில்தான். குளிரையும் பசியையும் கழுத்தும் தோளும் கையும் சொல்ல வேண்டும். பக்கவாட்டுத் தோற்றத்திலிருந்து திரும்புவது கடினம். விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் நுழைத்து மறுபுறம் புது உருவமாக வெளியே எடுப்பார்கள். இரண்டு பேர் சேர்ந்தால் நாளைக்கு 5 முதல் 8 வினாடி தேறும். சுமார் 60 வேலை நாள்.

பொம்மை ஸ்டாப் மோஷன்

பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு ஃப்ரேமாகப் படமெடுக்கும் முறை இது. இந்தக் கதையில் பொம்மைக்கு ஒரு பெரிய சாதகம்: வெளிச்சம் உண்மையாகவே முகத்தில் விழும். கைக்குள் மறைத்த சிறிய எல்இடி, விரல்களின் நிழல் கன்னத்தில் ஏறி இறங்குவது, சுவரில் மண்ணெண்ணெய் விளக்கு போன்ற மஞ்சள். ஸ்டாப் மோஷனுக்கான டிராகன்ஃப்ரேம் மென்பொருளில் டிஎம்எக்ஸ் (விளக்குகளைக் கணினியால் கட்டுப்படுத்தும் முறை) வழியாக ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் விளக்கின் அளவை முன்கூட்டியே எழுதிவிடலாம். உண்மைத் தீக்குச்சி வேண்டாம். அடுத்த ஃப்ரேமுக்குள் எரிந்து முடிந்திருக்கும்.

சாதகம் அதோடு சரி. 22 செ.மீ. பொம்மை நிற்க வேண்டுமானால் பாதத்துக்குள் எம்3 நட்டு (3 மி.மீ. திருகுக்கானது) வைத்து, 12 மி.மீ. பிளைவுட் தளத்தில் துளைபோட்டு அடியிலிருந்து திருகுவது வழக்கம். காலணி இருந்தால் நட்டு அதற்குள் ஒளிந்துகொள்ளும். இவளோ வெறுங்கால். அம்மாவின் பெரிய செருப்பில் ஒன்று தொலைந்துபோகிறது, மற்றொன்றை ஒரு பையன் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். கதையின் முக்கியமான விவரம், மாற்றவும் முடியாது. ஒரு செ.மீ. அகலப் பாதத்தில் நட்டைப் புதைத்தால் கணுக்கால் யானைக்கால் போலத் தடிக்கும். பாவாடைக்குள் இடுப்பில் பின்புறமாக ஒரு கம்பியைச் செருகி வெளியிலிருந்து தாங்கி, பிறகு எடிட்டில் அழிப்பதுதான் நடைமுறை. பனித் தரையில் அந்தக் கம்பியின் நிழலும் விழும் என்பதை மறந்தால் அழிக்கும் வேலை இரட்டிப்பு.

எலும்புக்கூட்டுக்கு 1.5 மி.மீ. அலுமினியக் கம்பியை மூன்று இழையாக முறுக்குவார்கள். மணிக்கட்டும் விரலும்தான் முதலில் முறியும், அதுவும் நடு ஷாட்டில். குச்சியை உருவுவதும் உரசுவதும் மூடிப்பிடிப்பதும் கைதானே. பித்தளைச் சதுரக் குழாய் வைத்து மணிக்கட்டில் கழற்றி மாட்டும்படி செய்து, வலது கை மட்டும் ஆறு ஏழு தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். துணி, முடி இரண்டும் ஒவ்வொரு தொடுதலிலும் நகரும்; திரையில் அவை கொதிப்பதுபோல நடுங்கும். பாவாடை விளிம்பில் மெல்லிய கம்பி தைத்து, தண்ணீர் கலந்த ஃபெவிகால் தடவி விறைப்பாக்கினால் அடங்கும். தரைப் பனிக்குச் சமையல் சோடா நன்றாகத் தெரியும், ஆனால் அனிமேட்டரின் முழங்கை பட்ட இடமெல்லாம் தடம். படப்பிடிப்பில் தொடாத பகுதியில் மட்டும் சோடா, நடக்கும் பாதையில் வெள்ளைப் பூச்சுப் பூசிய கெட்டித் தரை என்று பிரிப்பது ஒன்றுதான் வழி.

படம் மினுக்கு மினுக்கென்று வந்தால் நான்கில் மூன்று காரணம் கேமராவுக்கு வெளியே: ஜன்னல் இடுக்கு வெளிச்சம், வெள்ளைச் சட்டை போட்ட அனிமேட்டர், மின்னழுத்த ஏற்ற இறக்கம். நான்காவது லென்ஸ். மின்னணு அப்பர்ச்சர் (லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை) ஒவ்வொரு கிளிக்குக்கும் மூடித் திறக்கும்போது மயிரிழை மாறும். கையால் திருகும் பழைய லென்ஸை அடாப்டரில் மாட்டினால் அது நின்றுவிடும். நிழலுரு மேசைக்கும் இதே அறிவுரைதான்.

அறையைப் பூட்டி ஐந்தாறு மாதம் யாரும் நுழையாமல் வைத்திருக்க முடியாதென்றால் பொம்மையை யோசிக்கவே வேண்டாம். நாளைக்கு 2, 3 வினாடிதான் வரும். 120 முதல் 180 நாள் படப்பிடிப்பு. அதற்கு முன் பொம்மையும் தெருவும் செய்ய இரண்டு மாதமாவது. அமெரிக்க ஸ்டாப் மோஷன் கலைஞர் ரே ஹாரிஹவுசன் 1949க்கும் 1953க்கும் இடையில் வெளியிட்ட பொம்மைத் தேவதைக் கதைகளைத் தனியாளாக அசைத்தார் என்பார்கள். உண்மைதான். எலும்புக்கூட்டை அப்பா கடைந்து கொடுத்தார், உடுப்பை அம்மா தைத்துக் கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கையால் வரைவது

வாத்துக் காட்சிக்காகவே இந்த முறையை எடுக்கலாம். வறுத்த வாத்து தட்டிலிருந்து குதித்து, முதுகில் கத்தியும் முட்கரண்டியும் குத்தியபடி தரையில் தத்தித் தத்தி அவளை நோக்கி வருகிறது என்று எழுதியிருக்கிறார் ஆண்டர்சன். சுவர் துணிபோல் மெலிந்து உள்ளே அறை தெரிவதும், மர விளக்குகள் மேலே ஏறி நட்சத்திரமாவதும், அதில் ஒன்று எரிந்து விழுவதும் வரைபவருக்கு விருந்து. ஒன்று இன்னொன்றாக உருமாறுவதை மற்ற மூன்று முறைகளும் தந்திரத்தால் செய்கின்றன. வரைபடத்துக்கு அது இயல்பு.

4,320 படத்தையும் வரைய வேண்டியதில்லை. நிற்கும் இடங்களைக் கழித்தால் வினாடிக்குச் சராசரி எட்டு, அதாவது 2,880 வரைபடம். ஒவ்வொன்றும் மூன்று முறை கையைக் கடக்கும்: கரடுமுரடான வரைவு, சுத்தக் கோடு, வண்ணம். இதில் தீக்குச்சி நிழலைச் சேர்த்தால் ஒவ்வொரு வரைபடத்துக்கும் நாலாவது அடுக்கு. நிழலை வரையாமல், சுடரை மையமாக வைத்து ஒரு மங்கலான வட்ட மாஸ்க்கைக் கம்போசிட்டிங்கில் (அடுக்குகளை ஒன்றாகச் சேர்க்கும் கட்டத்தில்) போட்டால் எண்பது சதவீத ஷாட்டுக்குப் போதும். குளோசப் இரண்டு மூன்றுக்கு மட்டும் வரையலாம். உடையில் கட்டமோ கோடோ ஒட்டோ வைக்கக் கூடாது. கிழிசலையும் ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் தீர்மானித்துவிட வேண்டும். எல்லாக் கோணத்திலும் உருவத்தின் அளவும் வடிவமும் குறித்த மாடல் ஷீட் இல்லாமல் மூன்று பேர் வரைந்தால் மூன்று சிறுமிகள் வருவார்கள்.

மென்பொருள் செலவு இல்லை. ஓப்பன்டூன்ஸ், கிரிட்டா, 3டி மென்பொருளான பிளெண்டரின் வரையும் கருவி கிரீஸ் பென்சில் மூன்றும் இலவசம். ஓப்பன்டூன்ஸில் ஃப்ரேம் அட்டவணையும் வண்ணமிடுதலும் வலு. கிரிட்டாவில் தூரிகை வலு, ஆனால் நீண்ட ஷாட் நினைவகத்தை விழுங்கும்.

நன்றாக வரையத் தெரிந்த இருவர் இருந்தால் எட்டு முதல் பத்து மாதம். ஒருவர் மட்டும் என்றால் முழுப் படத்துக்கு வேண்டாம். ரோஜர் அல்லர்ஸ் இயக்கி 2006இல் வந்த டிஸ்னி குறும்படம் இதே கதையை வசனமில்லாமல், ரஷ்ய இசையமைப்பாளர் போரோடினின் நால்வாத்திய இசைமேல் வரைந்தது. அதைப் பார்த்துவிட்டு அளவுகோல் வைப்பவர்கள், அதன் பின்னால் இருந்தது ஒரு முழு ஸ்டுடியோ என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

3டி

மாற்றித் திருத்தும் வசதிக்கு இதற்கு ஈடில்லை. கேமராவை நகர்த்தலாம், நடையைத் திருத்தலாம், தெருவை அடுத்த படத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் குறிப்பிட்ட கதையில் 3டியின் பலவீனங்கள் எல்லாம் ஒரே ஷாட்டில் வந்து நிற்கின்றன: கிழிந்த துணி, நீண்ட முடி, அதன்மேல் பனி, சிறுதீ. நான்கும் சிமுலேஷன், அதாவது அசைவைக் கணினியே கணக்கிட வேண்டும். நான்கும் ஒன்றையொன்று தொடுகின்றன.

பிளெண்டரின் சைக்கிள்ஸில் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு இறுதிப் படத்தை உருவாக்கும், அதாவது ரெண்டர் செய்யும் பகுதி) ஒரு ஃப்ரேமுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால் 8,640 ஃப்ரேமுக்கு 720 மணி நேரம். ஒரு கணினி முப்பது நாள் இரவுபகல் ஓட வேண்டும், ஒரு திருத்தமும் இல்லாமல். இருட்டில் ஒற்றைச் சிறு விளக்கு என்பது கதிர்க் கணிப்புக்கு மிக மோசமான சூழ்நிலை. படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். இரைச்சலை நீக்கும் டீநாய்ஸர் போட்டால் தனிப்படத்தில் வழவழப்பாக இருக்கும், ஓடவிட்டால் சுவர் ஊர்வதுபோல் தெரியும். சுடரை ஒரு புள்ளி விளக்காக வைக்காமல் இரண்டு மூன்று செ.மீ. கோள விளக்காக வைத்து, மறைமுக ஒளிக்கு வரம்பு போட்டால் பாதி அடங்கும். பிளெண்டரின் வேகமான இன்னொரு ரெண்டர் பகுதியான ஈவீயில் செய்தால் நேரம் பல மடங்கு குறையும், ஒளி நிழலின் துல்லியத்தை ஓரளவு விட்டுக்கொடுக்க வேண்டும். எதுவானாலும் பிஎன்ஜி அல்லது ஈஎக்ஸ்ஆர் படவரிசையாகவே ரெண்டர் செய்ய வேண்டும். நேரடி வீடியோ கோப்பாகப் போட்டு மின்சாரம் போனால் அத்தனையும் போச்சு.

கடைசிக் காட்சியில் இன்னொரு சிக்கல். 3டி உருவம் அசையாமல் நின்றால் படம் உறைந்துவிட்டதாகப் பார்வையாளர் நினைப்பார். சுவரோரம் இறந்து கிடக்கும் குழந்தைக்கு மூச்சசைவு கொடுக்கவும் முடியாது. கேமராவை மெல்ல நகர்த்தியோ, காற்றில் ஒரு நூலை அசைத்தோ சமாளிக்க வேண்டியிருக்கும். பொம்மையில் அந்த ஷாட்டை உண்மையாகவே ஒவ்வொரு ஃப்ரேமாக எடுத்தால், வெளிச்சத்தின் கண்ணுக்குத் தெரியாத மாற்றமே அதை உயிர்ப்போடு வைத்திருக்கும்.

பிளெண்டரில் ஏற்கெனவே இரண்டு வருடமாவது ரிக்கிங்கும் (உருவத்துக்குள் அசைக்கும் எலும்பமைப்பு வைப்பது) லைட்டிங்கும் செய்தவர் குழுவில் இருந்தால் மட்டும் 3டி. கற்றுக்கொண்டே இந்தக் கதையைச் செய்வது வேண்டாத வம்பு.

இரண்டைக் கலப்பது

இரண்டு மூன்று பேர் குழுவுக்குச் சிறந்தது கலப்பு என்பதே எங்கள் பரிந்துரை. தெரு முழுவதும் நிழலுரு; குச்சி எரியும் நேரத்தில் மட்டும் வண்ணம். கதையே குளிர்ந்த தெரு, சூடான காட்சி என்று இரண்டு உலகமாகப் பிரிந்திருப்பதால் முறை மாறுவது உறுத்தாது. நான்கு காட்சிகளும் சேர்ந்து ஒன்றரை நிமிடம் என்றால் வரைய வேண்டியது 90 × 8, அதாவது 720 படம். ஒருவரால் மூன்று மாதத்தில் முடியும்.

வரைபவரே இல்லையென்றால் அதே கண்ணாடி மேசையில் இன்னொரு வழி இருக்கிறது. தமிழகத் தோல்பாவையில் ஆட்டுத்தோலை ஒளி ஊடுருவும்படி பதப்படுத்தி வண்ணம் ஏற்றுவார்கள். பின்விளக்கில் பாவை நிறத்தோடு ஒளிரும். ஒளி ஊடுருவும் ஓஎச்பி பிளாஸ்டிக் தாளில் கிளாஸ் பெயிண்டால் அடுப்பையும் வாத்தையும் பாட்டியையும் தீட்டி, அதே செம்புக்கம்பி மூட்டுகளோடு செய்தால், சுற்றிலும் கறுப்பான உருவங்களுக்கு நடுவே அவை மட்டும் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தெரியும். பெயிண்ட் காய இரண்டு நாள் விட வேண்டும். அவசரப்பட்டால் விளக்குச் சூட்டில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

உரிமை விஷயம் சுருக்கமாக. ஆண்டர்சன் 1875இல் இறந்தவர். மூலக்கதைக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். நீங்கள் படித்த மொழிபெயர்ப்புக்கு உரிமை இருக்கலாம், ஆகவே அதன் வாக்கியங்களைக் குரல்பதிவில் எடுக்காதீர்கள். பழைய படங்களில் சேர்த்த புது விவரங்களும் அப்படியே. இசையில் ஏமாறுபவர்கள் அதிகம்: போரோடின் 1887இலேயே இறந்துவிட்டார், அவர் இசைக்குறிப்பு பொதுச்சொத்து; ஆனால் இணையத்திலிருந்து இறக்கிய பதிவு, வாசித்தவருக்கும் நிறுவனத்துக்கும் சொந்தமாக இருக்கலாம்.

முறையை முடிவு செய்யும் முன் முழுப் படத்துக்கும் அனிமேட்டிக் (கதைப் படங்களை நேரப்படி ஓடவிடும் முன்வரைவு) போட்டு நேரத்தைப் பூட்டுங்கள். பிறகு இரண்டாவது குச்சி உரசும் பத்து வினாடியை மட்டும், மனதில் உள்ள இரண்டு முறைகளில் முழுத் தரத்தில் எடுத்துப் பாருங்கள். கை, தீ, சுவர், பனி, வாத்து எல்லாம் அந்தப் பத்து வினாடிக்குள் வந்துவிடும். பொம்மையும் தெருவும் செய்த நேரத்தைத் தனியாக எழுதுங்கள். அது ஒரு முறைதான். அசைக்கவும் திருத்தவும் ஆன மணி நேரத்தை 36ஆல் பெருக்கி, மூன்றில் ஒரு பங்கை ரீடேக்குக்காகச் சேர்த்து, கையில் இருக்கும் மாதங்களோடு ஒப்பிடுங்கள். கணக்கு இடித்தால் முதலில் ஷாட்டைக் குறையுங்கள், ஆறு நிமிடத்தை நாலரையாக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் முறையை மாற்றுங்கள்.